முற்றத்துக்கு மேல் வெளிச்சக் கூரை: பாலிகார்பனேட் ஷீட் போடும் முறை

வீட்டு நடுவில் பத்துக்கு எட்டு அடி திறந்த முற்றம் இருக்கிறது. மழை பெய்தால் கூடம் வரை சாரல் அடிக்கிறது. மூடியாக வேண்டும், ஆனால் வீடு இருட்டாகிவிடக் கூடாது. இதற்குப் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டைத்தான் போடுகிறார்கள். சரியாகப் போட்டால் பத்து வருடத்துக்கு மேல் கவலையில்லை. அவசரத்தில் போட்டால் இரண்டாவது கோடையிலேயே ஒழுகும், மஞ்சளடிக்கும், கீழே உட்கார முடியாத அளவுக்குப் புழுங்கும். இங்கே சொல்லும் கணக்கெல்லாம் அந்தப் பத்துக்கு எட்டு முற்றத்துக்கானது. உங்கள் அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெயில் கணக்கு

தமிழ்நாட்டில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. உச்சி வேளையில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். புத்தகம் படிக்க 300 லக்ஸ் போதும். ஆனால் வெளிச்சத்தோடு சூடும் சேர்ந்தே இறங்குகிறது. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். 80 சதுர அடி முற்றம் என்பது 7.4 சதுர மீட்டர். கண்ணாடி போன்ற தெளிவான ஷீட் போட்டால் அதில் 80 சதவீதம் உள்ளே வரும், அதாவது கிட்டத்தட்ட 6000 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு 3500 வாட்தான். தெளிவான ஷீட் போட்ட முற்றத்தில் மே மாதம் உட்கார முடியாமல் போவது இதனால்தான்.

அதனால் பால் வெள்ளை நிற ஷீட் வாங்குங்கள். கடையில் ஓபல் என்று கேட்டால் கொடுப்பார்கள். வரும் வெளிச்சத்தில் பாதியைத்தான் உள்ளே விடும், அதையும் பரப்பி விடும். தரையில் சுள்ளென்ற வெயில் கட்டம் விழாது, நிழல் மங்கலாக இருக்கும், சுவர் முழுவதும் சீராக ஒளிரும். பழுப்பு, நீலம், பச்சை நிறங்கள் கடையில் அழகாகத் தெரிந்தாலும் வீட்டுக்குள் வந்தால் முகம், சாப்பாடு, துணி எல்லாவற்றின் நிறத்தையும் மாற்றிவிடும். அவை கார் நிறுத்தும் இடத்தோடு நிற்கட்டும்.

முற்றம் இல்லாமல், இருட்டான அறைக்குப் புதிதாகக் கூரையைத் திறப்பவர்கள் இன்னும் சிக்கனமாக இருக்கலாம். தரைப் பரப்பில் நூற்றுக்கு நாலு பங்கு போதும். பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு இரண்டடிக்கு இரண்டரை அடி. ஓட்டு வீடுகளில் அடுக்களைக்கு ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு மட்டும் வைத்தவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஷீட் வாங்கும்போது

10 மி.மீ. தடிமன் கொண்ட, உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட்தான் இந்த வேலைக்கு ஏற்றது. 6 மி.மீ. மலிவு என்று எடுத்தால் கம்பிகளை நெருக்கிப் போட வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். ஃபைபர் ஷீட் இன்னும் மலிவு. ஆனால் சில வருட வெயிலில் மேல்பூச்சு தேய்ந்து கண்ணாடி நார் வெளியே தெரியத் தொடங்கும். அந்த நாரில் தூசு பிடித்தால் கழுவினாலும் போகாது.

எடை குறைந்த ஷீட் சந்தையில் நிறைய உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: 30 செ.மீ.க்கு 30 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொல்லி, நகைக்கடைத் தராசிலோ சமையலறைத் தராசிலோ நிறுத்துப் பாருங்கள். 10 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு 1.7 கிலோ. ஆகவே அந்தத் துண்டு 150 கிராம் அளவில் இருக்க வேண்டும். 110, 120 கிராம்தான் என்றால் உள்சுவர்கள் மெலிந்தவை, காற்றுக்கு நிற்காது.

ஷீட் 2.1 மீட்டர் அகலத்தில் வரும். நம் முற்றத்துக்கு நாலு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டு அடி வெளியே நீட்டிப் போட வேண்டும். 2.1 மீட்டர் அகலத்தில் 3.4 மீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 1.05 மீட்டர் அகலத்தில் நாலு பட்டை கிடைக்கும். உள்ளறைகள் வாட்டம் இறங்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே போட்டால் உள்ளே சேரும் ஈரம் வடிய வழியில்லாமல் நின்று பாசி பிடிக்கும்.

சட்டம்

ஷீட் பறந்துவிடும் என்பதுதான் இங்கே உண்மையான பயம், பாரம் அல்ல. கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரம் பற்றிய இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி, சென்னைக்குக் கணக்கில் எடுக்கச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஷீட்டின் சொந்த எடை 1.7 கிலோதான். நம் கூரை 14 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. புயலில் இரண்டு டன்னுக்கு மேல் மேலே இழுக்கும் என்று வைத்துக்கொண்டு சட்டத்தைக் கட்ட வேண்டும்.

வாட்டத்தில் ஓடும் சட்டங்கள் ஐந்து: 80க்கு 40 மி.மீ. ஜி.ஐ. குழாய், கடலோரத்தில் 2.5 மி.மீ. கனம். நடுவுக்கு நடு 1.065 மீட்டர். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் உபரிதான் ஷீட் விரிய இடம், அதைத் தின்றுவிடாதீர்கள். இவற்றுக்கு இடையே குறுக்குச் சட்டம் 40க்கு 40 மி.மீ. குழாய், கடலோரத்தில் இரண்டடிக்கு ஒன்று, உள் மாவட்டங்களில் இரண்டரை அடிக்கு ஒன்று. குறுக்குச் சட்டத்தின் தலையும் நீளச் சட்டத்தின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வெல்டரிடம் சொல்லுங்கள். நூல் கட்டிப் பார்த்த பிறகே முழு வெல்டிங்.

பத்துக் கால்கள் வரும். அவற்றைக் கான்கிரீட் தளத்தில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் பிடியுங்கள். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடிக்காதீர்கள். செங்கல் பிளக்கும், கூரையோடு சுவரும் போகும். துளைத்த இடங்களை நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சால் மூடுவதை அன்றைக்கே முடியுங்கள்.

வாட்டம் அடிக்கு ஒன்றரை அங்குலம். ஐந்து டிகிரி போதும் என்று ஷீட் விற்பவர்கள் சொல்வது தண்ணீர் வடிவதற்கு மட்டும் சரி. தூசும் இலையும் மழையோடு கழுவிக்கொண்டு போக வேண்டுமானால் ஏழு டிகிரி வேண்டும்.

கைப்பிடிச் சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவே தாழ்ந்த பக்கம் ஓரடி, உயர்ந்த பக்கம் இரண்டடி இடைவெளி விடுங்கள். சூடான காற்று வெளியேறும் வழி இதுதான். அழகுக்காக இதை அடைத்துவிட்ட கூரைகள் எல்லாம் அடுப்பாகின்றன. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஊர்களில் உயர்ந்த பக்கம் மேற்கையோ தெற்கையோ பார்க்கட்டும். அங்கே சாய்வுப் பட்டைகளும், உள்புறம் அணிலும் புறாவும் வராமல் வெல்டு மெஷ்ஷும் வையுங்கள்.

சட்டத்தின் மேல்முகத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். கறுப்புச் சட்டம் சூடேறி, தொடும் இடத்திலேயே ஷீட்டை நலிவடையச் செய்யும். பெயின்ட் முழுதாகக் காய்ந்த பிறகே ஷீட் ஏற்றுங்கள், தின்னர் ஆவி பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

ஷீட் பொருத்துவது

நுண்பல் பிளேடால் அறுத்து, உள்ளறைகளில் புகுந்த தூளைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். இதை விட்டால் பிறகு எந்த வழியாலும் எடுக்க முடியாது. வெயிலில் அந்தத் தூள் சாம்பல் கோடுகளாக எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும்.

மேல் முனையை இடைவெளியில்லாத அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். கீழ் முனைக்குத் துளையுள்ள டேப். அதன் மேல் அலுமினிய யு பட்டை போட்டு, அடிப்பக்கம் அடிக்கு ஒரு சிறு துளை. இரண்டு முனையையும் ஒரே மாதிரி இறுக்கி அடைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆறு மாதத்தில் உள்ளறைகளில் பச்சைக் கோடு ஓடும். இரண்டையும் திறந்துவிட்டால் எறும்பு குடியேறும்.

ஷீட்டின் ஒரு முகத்தில்தான் யு.வி. (புற ஊதாக் கதிர்) தடுப்புப் பூச்சு இருக்கும். எந்த முகம் என்று பாதுகாப்புத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அது வானத்தைப் பார்க்க வேண்டும். தாளை முதலில் உரித்துவிட்டால் இரண்டு முகமும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே ஓரங்களில் இரண்டு அங்குலம் மட்டும் உரித்துப் பொருத்துங்கள், வேலை முடிந்த அன்றே முழுவதும் உரியுங்கள். நாலு நாள் வெயில் பட்ட தாள் ஷீட்டோடு வெந்துபோய் ஒட்டிக்கொள்ளும்.

பட்டைகளை இணைக்க 60 மி.மீ. அகல அலுமினிய அடிப்பட்டை, மேல்மூடி, இரண்டிலும் வெயில் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பர். திருகு மூடி வழியாகச் சட்டத்தில் இறங்கட்டும், ஷீட்டைத் துளைக்க வேண்டாம். ஆனால் குறுக்குச் சட்டங்களின் மேல் ஷீட் நடுவில் துளைத்தே பிடிக்க வேண்டும். அங்கே 6 மி.மீ. திருகுக்கு 10 மி.மீ. துளை, ஓரத்திலிருந்து குறைந்தது 40 மி.மீ. தள்ளி. பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.065 மி.மீ. விரியும். 3.4 மீட்டர் பட்டை, விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் ஒன்பது மி.மீ. நகரும். நடுக் குறுக்குச் சட்டத்தில் உள்ள துளை மட்டும் வட்டமாக இருக்கட்டும். முனைகளை நெருங்க நெருங்கத் துளையை நீளவாக்கில் நீட்டி வெட்டுங்கள். காலை ஏழு மணிக்குக் கூரை ‘டக், டக்’ என்று சத்தம் போட்டால் எங்கோ ஷீட் நகர முடியாமல் மாட்டியிருக்கிறது என்று பொருள்.

திருகை இறுக்கும்போது வாஷரைக் குனிந்து பாருங்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கி, வாஷர் கையால் திருப்ப முடியாமல் நின்றால் போதும். வாஷரைச் சுற்றி ஷீட்டில் குழி விழுந்தால் உள்சுவர் நசுங்கிவிட்டது. அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும், சில மாதத்தில் நட்சத்திரம் போல விரிசல் கிளம்பும். டிரில் மெஷினின் வேகத்தைக் குறைத்து, கடைசித் திருப்பைக் கையால் செய்யச் சொல்லுங்கள்.

பி.வி.சி. வாஷர் வேண்டாம், அதிலிருந்து கசியும் ரசாயனம் ஷீட்டை வெடிக்க வைக்கும். இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் பசையிலும் அதே எச்சரிக்கை. திறந்தவுடன் வினிகர் வாடை அடிப்பது ஆகாது. ‘நியூட்ரல்’ என்று போட்டதை வாங்குங்கள்.

மேலே வேலை செய்பவர் ஷீட்டில் கால் வைக்கவே கூடாது. இரண்டு குறுக்குச் சட்டங்களில் தாங்கும்படி பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம். முற்றத்தின் அடியில் அந்நேரம் யாரும் நிற்கவும் கூடாது.

சுவர் வழியாக வெளிச்சம்

மாடிப்படிக்குச் சுவர் வழியாகவே வெளிச்சம் கொண்டுவரலாம். வடக்குச் சுவர் சிறந்தது. மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே ஒதுங்கிப் போவதால் பகல் முழுவதும் சாய்ந்த வெயில் கொஞ்சம் படும், அவ்வளவுதான். அடுத்தது கிழக்கு. மேற்கில் வைக்கவே வேண்டாம், மாலை மூன்று மணிக்கு மேல் அந்தச் சுவரே வெயிலாகிவிடும்.

இதற்குக் கண்ணாடிச் செங்கல் நல்ல பொருள். 190க்கு 190, 80 மி.மீ. கனம், 10 மி.மீ. இணைப்பு விட்டால் சதுர மீட்டருக்கு 25 கல். இது பாரம் தாங்கும் சுவர் அல்ல, மேலே லிண்டல் கட்டாயம். கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே கலவையைக் கொஞ்சம் இறுக்கமாகக் குழைக்க வேண்டும். நீர்த்திருந்தால் கல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு நாளைக்கு மூன்று நாலு வரிசைக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை 6 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி வையுங்கள். கம்பி கண்ணாடியைத் தொடக் கூடாது. மேல்பக்கத்திலும் பக்கவாட்டிலும் 10 மி.மீ. நுரைப் பட்டை வைத்து சிலிக்கானால் மூடுங்கள். கலவையால் இறுக்கி அடைத்தால் சுவர் சூடேறி விரியும்போது முதலில் மூலைக் கல்தான் வெடிக்கும்.

பராமரிப்பு

பருவமழைக்கு முன் ஒருமுறை, பொங்கலுக்குப் பிறகு ஒருமுறை கழுவினால் போதும். முதலில் வெறும் தண்ணீரால் தூசை ஓடவிட்டு, பிறகு மிருதுவான துணியும் லேசான சோப்புத் தண்ணீரும். பாத்திரம் தேய்க்கும் நார், பினாயில், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம், தின்னர் எதுவும் கிட்டே வரக் கூடாது. யு.வி. பூச்சு மயிரிழையிலும் மெல்லியது. கீறல் விழுந்த இடத்திலிருந்துதான் மஞ்சள் பரவும். கழுவும்போதே கீழ் யு பட்டையின் துளைகளை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் குளவிதான் மண் வைத்து அடைத்திருக்கும்.