அக்கம்பக்கக் காவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்டிய வீட்டில் திருட்டு நடந்த மறுநாளே தெருவாசிகள் கூடிப் பேசுவதும், அடுத்த வாரத்துக்குள் ஒரு கண்காணிப்புக் குழு உருவாவதும் எந்த ஊரிலும் காணக்கூடியதுதான். அப்படித் தொடங்கிய குழுக்களில் பல, சில மாதங்களிலேயே பெயரளவில் நின்றுவிடுகின்றன. ஒரு சில குழுக்களோ, தடுக்க நினைத்த திருட்டைக் காட்டிலும் பெரிய கேட்டைத் தாங்களே விளைவித்துவிடுகின்றன. அக்கறைக் குறைவால் இப்படி நேர்வதில்லை. காவல்துறை செய்ய வேண்டிய வேலையைக் குடியிருப்போர் தம் கையில் எடுத்துக்கொள்வதும், குடியிருப்போரால் மட்டுமே செய்யக்கூடிய வேலையை யாரும் செய்யாமல் விட்டுவிடுவதுமே இதற்கு முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்து கிளைத்தவை.

துரத்துவதும் பிடிப்பதும்

1829இல் லண்டன் மாநகரக் காவல்துறையைத் தோற்றுவித்த ராபர்ட் பீலின் பெயரால் வழங்கிவரும் கொள்கைகளில் ‘காவலரே மக்கள், மக்களே காவலர்’ என்பது புகழ்பெற்றது. சமூகக் காவல் குறித்த கூட்டங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் இந்த வரியைக் கேட்பவர்களில் சிலர், அதைத் தமக்கு வழங்கப்பட்ட அதிகாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள கடமையைத்தான் காவலர் ஊதியம் பெற்று முழுநேரமாகச் செய்கிறார் என்பதும், மக்களின் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்ய அவரால் இயலாது என்பதுமே அக்கொள்கையின் பொருள். துரத்தவும் மடக்கவும் விசாரிக்கவும் பொதுமக்களுக்கு அது உரிமம் தரவில்லை.

அந்த எல்லையை மீறியதால் உயிர்கள் போயிருக்கின்றன. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள சான்ஃபோர்டு நகரில், 17 வயது டிரேவான் மார்ட்டின் என்ற ஆயுதமற்ற சிறுவனை அக்குடியிருப்பின் கண்காணிப்புக் குழு ஒருங்கிணைப்பாளர் சுட்டுக் கொன்றார். அவர் முதலில் காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். பின்தொடர்ந்து போக வேண்டியதில்லை என்று மறுமுனையில் இருந்தவர் சொல்லியும் இருந்தார். அழைத்ததோடு அவர் பணி முடிந்திருக்க வேண்டும். வழக்கில் அவர் குற்றவாளி அல்ல என 2013இல் தீர்ப்பானது. ஆனாலும் ஓர் அழைப்போடு முடிந்திருக்க வேண்டிய இரவில் ஒரு சிறுவனின் உயிர் போனது போனதுதான். 2020இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓடுபயிற்சிக்குச் சென்ற அமாட் ஆர்பெரி என்ற இளைஞரைத் திருடன் என்று சந்தேகித்து வண்டிகளில் துரத்திச் சென்றவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். குடிமக்கள் பிறரைக் கைதுசெய்ய அனுமதித்த, 1863ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருந்த சட்டத்தை அம்மாநிலம் மறு ஆண்டே நீக்கியது.

தமிழ்நாட்டில் 1993இல் தொடங்கப்பட்ட ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பும் இங்கே நினைவுகூரத் தக்கது. மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இடையிலான தொலைவைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு பிறந்த திட்டம் அது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, அந்தத் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, மாநில அரசு அவ்வமைப்புக்குத் தடை விதித்தது. ஒரு தன்னார்வலர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, தவறினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவை எழுத்தில் இல்லாத எந்தத் திட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே குழு அமைக்கும் முதல் நாளிலேயே, ஆயுதம் ஏந்துவதில்லை, பின்தொடர்வதில்லை, யாரையும் நிறுத்தி அடையாள அட்டை கேட்பதில்லை, காவல் நிலைய விசாரணையில் பங்கெடுப்பதில்லை என்ற நான்கையும் எழுதி எல்லாரிடமும் கையொப்பம் வாங்கிவிடுவது நல்லது. தனியார் ஒருவர் குற்றவாளியைப் பிடித்துவைக்கச் சட்டம் இடம் தரும் நாடுகளிலும் அந்த இடம் மிகக் குறுகியது. பிடித்தவரை அடித்தால் அதுவே ஒரு குற்றம்.

சந்தேகத்தைச் செய்தியாக்குவது

எல்லாத் தவறுகளிலும் கொடியது இதுதான் என்பேன், ஏனெனில் இது மிகச் சாதாரணமாக, நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு செய்யப்படுகிறது. தெருவின் வாட்ஸ்அப் குழுவில், ‘சந்தேகப்படும்படி ஒருத்தன் நம்ம ஏரியாவுல சுத்துறான், எல்லாரும் உஷாரா இருங்க’ என்ற வரியும், தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படமும் வருகின்றன. இந்தச் செய்தியில் காவல்துறைக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூட இல்லை. அச்சம் மட்டுமே இருக்கிறது. படத்தில் இருப்பவர் பொருள் கொண்டுவந்து கொடுப்பவராகவோ, முகவரி தேடுபவராகவோ, புதிதாகக் குடிவந்தவரின் உறவினராகவோ இருக்கலாம். அவருடைய உடையும் நிறமும் பேச்சும் வறுமையும் தவிர வேறெதுவும் அவர்மேல் சந்தேகத்தைக் கிளப்பவில்லை என்றால், குழு கண்காணிப்பது குற்றத்தை அன்று, மனிதர்களின் தோற்றத்தை.

இதே குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால் அதன் மதிப்பே வேறு: ‘இரவு 11.40. மூன்றாம் குறுக்குத் தெருவில் நிறுத்தியிருக்கும் கார்களின் கதவுகளை ஒருவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார். கருநீலச் சட்டை, முதுகில் பை. கிழக்கே நடந்து போகிறார். காவல் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டேன்.’ முதலில் நேரம், பிறகு இடம், அதன்பின் செயல், கடைசியாகத்தான் ஆளின் அடையாளம். செயலைச் சொல்ல முடியாத நிலையில் அடையாளத்தை மட்டும் சொல்வதற்கு எந்தத் தேவையும் இல்லை. இந்த வரிசையைக் குழுவின் விதியாகவே வைத்துக்கொண்டால், அனுப்ப நினைத்த செய்திகளில் கணிசமானவை எழுதும்போதே தேவையற்றவை என்று புலப்பட்டுவிடும். அந்த நல்ல செய்தியின் கடைசி வரியையும் கவனியுங்கள். பல இடங்களில் நூறு பேருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். காவல் நிலையத்துக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வேறொருவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

சரிபார்க்காமல் பகிர்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018இல் இந்தியா கண்டது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகப் பரவிய பொய்ச் செய்திகளை நம்பிக் கூடிய கூட்டங்கள் பல மாநிலங்களில் அப்பாவிகளை அடித்துக் கொன்றன. அவ்வாண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்து ரெயின்பாடா கிராமத்தில் மட்டும் ஐந்து பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு கொண்டுவந்தது. அந்தக் கொலைகளில் ஈடுபட்டவர்களில் பலர், தம் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பார்கள்.

எல்லா இடத்தையும் ஒரேபோலக் காவல் காப்பது

‘ரோந்தை அதிகப்படுத்துங்கள்’ என்பது குடியிருப்போர் கூட்டங்களில் தவறாமல் எழும் கோரிக்கை. 1972–73இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் நடந்த ஆய்வில், சில பகுதிகளில் வழக்கமான ரோந்து வண்டிகளை நிறுத்தியும், சில பகுதிகளில் கூட்டியும் பார்த்தார்கள். குற்றங்களின் எண்ணிக்கையிலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மினியாபொலிஸ் நகரில் 1980களில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பாதி, ஊரின் ஏறத்தாழ 3 விழுக்காடு முகவரிகளிலிருந்தே வந்தது தெரிந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொதுவாக ரோந்து கேட்பதைவிட, எந்த மூலையில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குச் சிக்கல் வருகிறது என்று குறித்துக்கொண்டு போய்க் கேட்பதே பலன் தரும் என்பது விளங்கும். எரியாத தெருவிளக்கும், பூட்டு உடைந்த பொதுக் கதவும் காரணமாக இருந்தால், அதற்குக் காவலரே தேவைப்படாது. உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு போதும்.

இதில் பெரும்பாலோர் கோட்டைவிடும் ஒரு செய்தி உண்டு: ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். உள்ளே போகும் வழி திருடனுக்குத் தெரிந்துவிட்டது. விட்டுச்சென்ற பொருள்கள் எவை என்பதும் தெரியும். போன பொருளுக்குப் பதிலாகப் புதியது வந்திருக்கும் என்பதையும் அவன் கணக்கிடுகிறான். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் இந்த உண்மையை அடிப்படையாக வைத்தே ஒரு திட்டம் வகுத்தார்கள். திருட்டுக்கு ஆளான வீட்டின் கதவு, சன்னல் தாழ்களை உடனே உறுதிப்படுத்தினார்கள். திருடர்களை ஈர்த்துவந்த, வீட்டுக்குள்ளேயே காசு போட்டு இயக்கும் மின், எரிவாயு அளவிகளை அகற்றினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரை மட்டும் அழைத்து, இந்த ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சில ஆண்டுகளில் அக்குடியிருப்பில் வீட்டுத் திருட்டு முன்பிருந்ததில் கால் பங்காகக் குறைந்தது. தெரு முழுவதற்கும் ஒரு குழு என்பதைவிட, அடிபட்ட வீட்டைச் சுற்றி ஒரு சிறு வளையம் என்பது நடைமுறையில் தாங்கக்கூடிய வேலை. பெரிய குழு ஓய்ந்துபோகும். ஆறு வீட்டார் ஒரு மாதம் கவனமாக இருப்பது யாருக்கும் பாரமில்லை. நம் குழுக்களோ திருட்டு நடந்த வீட்டாரிடம் போய், ‘நகையை ஏன் வீட்டில் வைத்தீர்கள், ஏன் ஊருக்குப் போனீர்கள்’ என்று கேட்டு அவர்களைக் கூனிக்குறுக வைத்துவிட்டுத் திரும்பி வருகின்றன.

கேமரா வாங்கியதோடு நிறுத்துவது

கண்காணிப்பு கேமராவைக் குற்றத்தடுப்பின் முழு விடையாக நம்பிவிடுவது இன்று பரவலாகியிருக்கிறது. சம்பவம் நடந்த பிறகு காட்சியைத் தேடும்போதுதான் குறைகள் தெரிகின்றன: மிக உயரத்தில் பொருத்தியதால் தலையின் உச்சி மட்டும் பதிவாகியிருக்கும், விளக்குக்கு எதிரே வைத்ததால் உருவம் கறுத்திருக்கும், வண்டியின் எண் பலகை இரவு வெளிச்சத்தில் வெறும் வெள்ளைக் கட்டமாக இருக்கும், பதிவுக் கருவியின் கடிகாரம் பல மணி நேரம் பிந்தியிருப்பதால், காட்சி கிடைத்தும் அதை நிகழ்ச்சியோடு பொருத்துவது கடினமாகும். சேமிப்பகம் நிறைந்ததும் பழைய காட்சிகள் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், சம்பவம் தெரிந்த அன்றே தேவையான பகுதியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதும், அண்டை வீட்டுச் சன்னலை நோக்கிக் கேமராவைத் திருப்பிவைப்பதும் தனி ஆபத்துகள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் இரவில் பதிவான காட்சியைத் திறந்து, முகம் தெரிகிறதா, நேரம் சரியா என்று பார்த்தால் இவற்றில் பாதி தீரும்.

காட்சி கிடைத்தவுடன் அதைப் பொதுவெளியில் போடுவதும் தவறே. தேடப்படுபவர் முன்கூட்டியே எச்சரிக்கையாகிவிடுவார். சாட்சிகள் பின்னர் அடையாளம் காட்டுவதன் நம்பகத்தன்மை குறையும். படத்தில் குழந்தையோ பாதிக்கப்பட்ட பெண்ணோ இருந்தால் பகிர்ந்தவர் மீதே வழக்கு வரலாம்.

வீட்டுக்குள் நடப்பதைக் கண்டுகொள்ளாமை

கேமராக்கள் தெருவைப் பார்த்திருக்க, பெண்கள் மீதான வன்முறையின் பெரும்பங்கு மூடிய கதவுகளுக்குள், தெரிந்தவர்களாலேயே நிகழ்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைச் செய்பவர்களில் மிகுதியானோர் அக்குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள். ஆனாலும் அந்நியரைக் கண்டு அலறும் குழு, பக்கத்து வீட்டில் இரவுதோறும் கேட்கும் அடியையும் அழுகையையும் ‘அது அவங்க குடும்ப விஷயம்’ என்று ஒதுக்கிவிடுகிறது. பகலில் தனியாக இருக்கும்போது அடிபடும் பெண்ணிடம் பேசுவது, உதவி எண்களைத் தெரிவிப்பது, அடி விழும்போது காவல்துறையை அழைப்பது ஆகியவை அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியவை. அடிப்பவரிடம் போய் நியாயம் பேசுவது அவளுக்கே ஆபத்தாக முடியலாம். அவள் அறியாமல் எதையும் தொடங்காதிருப்பதே பொதுவான முறை, உயிருக்கு ஆபத்து என்ற நிலையைத் தவிர.

கூட்டத்தில் யார் இல்லை

சிகாகோ நகரில் 1993இல் ஐந்து காவல் வட்டங்களில் தொடங்கிய சமூகக் காவல் திட்டம், ஒவ்வொரு ரோந்துப் பகுதிக்கும் மாதந்தோறும் மக்கள் கூட்டத்தை ஏற்பாடு செய்தது. பல ஆண்டுகள் ஆராயப்பட்ட திட்டம் அது. சொந்த வீடு உள்ளவர்கள் கூட்டங்களுக்கு மிகுதியாக வந்ததும், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் குறைவாகவே வந்ததும் அதில் வெளிப்பட்டன. வருபவர்களின் கவலையே ஊரின் கவலையாகப் பதிவாகும். வாடகைக்கு இருப்போர், விடுதி மாணவர்கள், வீட்டு வேலைக்கு வருவோர், வேறு மொழி பேசும் தொழிலாளர்கள் ஆகியோர் இல்லாத கூட்டத்தில் அவர்களே பேசுபொருளாகிவிடுவது எளிது. அவர்களுக்கு ஏற்ற நேரத்தில், அவர்களுக்குப் புரியும் மொழியில் கூட்டம் நடத்துவது அமைப்பாளர்களின் பொறுப்பு. அதிகாரி ஒருவர் முழு நேரமும் அறிவுரை வழங்கிவிட்டுப் போகும் கூட்டத்துக்கு அடுத்த முறை ஆள் வராது. சென்ற கூட்டத்தில் சொன்ன புகார் என்ன ஆயிற்று என்ற கேள்வியிலிருந்து ஒவ்வொரு கூட்டமும் தொடங்க வேண்டும்.

புகார் எண்ணிக்கையைத் தவறாகப் படிப்பது

‘சின்னத் திருட்டுதானே, எதற்குக் காவல் நிலையம்’ என்று மக்கள் விட்டுவிடுவதால், பதிவேட்டில் அமைதியாகத் தெரியும் பகுதி உண்மையில் அமைதியானதாக இருக்க வேண்டியதில்லை. திட்டம் தொடங்கி நம்பிக்கை வளர்ந்ததும் புகார்கள் முதலில் கூடவே செய்யும். அதைக் கண்டு திட்டம் தோற்றதாகக் கருதிக் கைவிடுவதும், எண்ணிக்கை ஏறிவிடுமோ என்று பயந்து புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். குழுவே தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடந்தவற்றைத் தேதி, நேரம், இடத்தோடு எழுதிவைத்து, பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்துவந்தால், மக்கள் காவல் நிலையப் படியேறத் தயங்குவதும் குறைந்துவருகிறது என்று கொள்ளலாம்.