ஷூட்டிங் கூட்டத்துல நிக்கப் போறீங்களா, இதப் படிச்சிட்டுப் போங்க மக்கா

நம்ம நெல்லை, தென்காசி பக்கம் சினிமா ஷூட்டிங் வாரது புதுசு இல்ல, பாபநாசம், காரையாறு, கல்லிடைக்குறிச்சி, சுந்தரபாண்டியபுரம்னு எங்கனயாவது ஒரு யூனிட் வந்து இறங்கிக்கிட்டேதான் இருக்கு. மெட்ராஸ்ல இருந்து துணை நடிகர்கள மொத்தமா கூட்டிட்டு வந்து ரூம் போட்டு சோறு போடுத செலவுக்கு, ஊர் ஆளுகளையே கூப்பிட்டா முகமும் ஊர் முகமா இருக்கும், அதான் நமக்கு வேலை கெடைக்குது. நான் ஏழெட்டு வருசமா போயிட்டு வாரேன். புதுசா வாரவங்க எல்லாரும் எப்படி நடிக்கணும்னு ஒரே கேள்வியத்தான் கேக்காவ. நடிக்கவே கூடாது, செஞ்சதையே திரும்பத் திரும்ப அப்படியே செய்யணும், இந்த வேலையே அதான்.

மொதல்ல காசு விஷயம். ஆள் சேர்க்குத அண்ணாச்சிகிட்ட வண்டியில ஏறுததுக்கு முன்னாடியே கேட்டுருங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ, யார் கையால தருவாவ, அன்னைக்கே உண்டா, ராத்திரி ஷூட் நீண்டா தனியா உண்டா, போக வர வண்டி யாரு பொறுப்புன்னு. கூச்சப்படாதீங்க. நான் கூச்சப்பட்டு கேக்காம போய் ரெண்டு நாள் வெயில்ல நின்னு பாதி காசுதான் வாங்கிட்டு வந்தேன், அன்னைக்கு கூட வந்த ஆச்சிக்கும் அதே கதிதான், அது இன்னும் எனக்கு மனசு ஆறல. சான்ஸ் வாங்கித்தாரேன், யூனியன் கார்டு போட்டுத்தாரேன்னு உங்ககிட்ட எவனாவது காசு கேட்டா அங்கனயே திரும்பி வந்துருங்க, வேலை செய்யுதவனுக்குத்தான் காசு, அவன் எதுக்குக் குடுக்கணும்?

துணி எடுத்துட்டு வரச் சொன்னா ரெண்டு மூணு செட் எடுத்துக்கோங்க. பளிச்சுனு வெள்ளை வேண்டாம், வெளிச்சம் அடிச்சு கண்ணு உங்க மேலயே போகும். பொடிக் கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டை கேமராவுல அலை அலையா மினுங்கும். கம்பெனி பேர் போட்ட பனியனும் ஆகாது. வெளுத்துப்போன சாரம் (லுங்கி), பழைய துண்டு, வீட்டுச் சேலை போதும். குடை, தண்ணி பாட்டில், கடலமிட்டாய், அன்னாட மாத்திரை, இதெல்லாம் கையில இருக்கணும். வெள்ளன அஞ்சு மணிக்கு வரச் சொல்லிட்டு மொத ஷாட் பத்து மணிக்கு வைப்பாவ, காத்துக் கெடக்கதுதான் இதுல பாதி வேலை. பொம்பளையாளுக ரெண்டு பேரா சேந்தே போங்க, பாத்ரூம் எங்க இருக்குன்னு போனவுடனே கேளுங்க, இல்லன்னா ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க, அது நம்ம உரிமை.

இனி ஸ்பாட்ல. அசிஸ்டென்ட் டைரக்டர் தம்பி வந்து, நீங்க இங்கேருந்து அங்க நடந்து போங்கம்பாரு, அதுக்குப் பேர் பாஸிங். எப்ப கெளம்பணும்னு அவருகிட்ட கேட்டு ஒரு அடையாளம் வச்சுக்கோங்க. ஒரு டீக்கடை சீன்ல நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன், ஹீரோ "வரமாட்டேன்"னு சொல்லும்போது கிளாஸ வலது கையில தூக்கி ஒரு வாய் குடிச்சேன், அவ்ளோதான். அந்த சீன மொதல்ல தூரத்துல இருந்து எடுத்தாவ, பொறவு கேமராவ கிட்ட கொண்டுவந்து எடுத்தாவ, அப்புறம் எதிர்ப்பக்கமா வச்சு எடுத்தாவ, பதினாலு தடவையும் அதே வார்த்தைக்கு அதே கை, கிளாஸ்ல டீயும் அதே அளவு. ஏன்னா ஒரே சீன பல பக்கத்துல இருந்து எடுத்து பொறவு வெட்டி ஒட்டுவாவ, ஒண்ணுல கிளாஸ் வலது கையிலயும் இன்னொண்ணுல இடது கையிலயும் இருந்தா ஷாட் ஒட்டாது. இதத்தான் கன்டினியூட்டிங்காவ. துண்டு எந்தத் தோள்ல கெடந்துச்சு, பூ எந்தப் பக்கம் வச்சோம்னு நாமளே ஞாபகம் வச்சிருந்தா அடுத்த தடவையும் நம்மளத்தான் கூப்பிடுவாவ.

பின்னாடி பேசுத மாதிரி இருக்கச் சொன்னா வாய மட்டும் அசைக்கணும், சத்தம் வரக்கூடாது. ஸ்பாட்லயே சவுண்ட் எடுக்காவன்னா கொலுசு, கண்ணாடி வளையல கழட்டிருங்க, செல்ல ஆஃப் பண்ணிருங்க. கேமராவப் பாக்காதீங்க. "கட்"னு சொல்லுத வரைக்கும் நிறுத்தாதீங்க, கால் தடுக்குனாலும் எந்திரிச்சு நடங்க. எளவு வீட்டு சீன்னு முன்னமே தெரிஞ்சா, வீட்ல சமீபத்துல துக்கம் நடந்த ஆச்சிமார கூட்டிட்டுப் போகாதீங்க. ஒரு பெரியாத்தா ஒப்பாரி வச்சு கட் சொன்ன பொறவும் அழுகைய நிறுத்த முடியாம கெடந்தத நான் கண்ணால பாத்திருக்கேன்.

நடிக்க நம்ம பிள்ளைகளக் கேட்டா சட்டம் தெரிஞ்சு பேசுங்க. 2017ல வந்த விதிப்படி 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய வச்சு எடுக்க கலெக்டர் அனுமதி வேணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, இடைவெளி இல்லாம 3 மணி நேரத்துக்கு மேல கூடாது, கெடைக்குத காசுல 20 சதவீதமாவது பிள்ள பேர்ல பேங்குல டெபாசிட் போடணும்.

பேக்கப், அதாவது அன்னைக்கு ஷூட்டிங் முடிஞ்சதுன்னு சொன்னா, அவங்க குடுத்த துணிய எண்ணித் திருப்பிக் குடுத்துட்டு, காச வாங்கி அங்கனயே எண்ணிருங்க. நாளைக்கும் வரணும்னு சொன்னா அதே சாரம், அதே சட்டையோட வாங்க, துவைச்சிராதீங்க, ஆம்பளைங்க சவரமும் பண்ணிராதீங்க.