நுரையீரல் மாற்றுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்கு

வில்லிவாக்கத்தில் எங்களுக்கு இரண்டாவது மாடி. பால்கனியில் புறா கூடு கட்டியபோது விரட்ட மனசு வரவில்லை. பத்து வருஷம் கம்பு போட்டேன். அந்த எச்சத் தூசிதான் நுரையீரலைப் புண்ணாக்கித் தழும்பாக்கிவிட்டது. தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. நிண்டெடானிப் மாத்திரை இறுகுகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

"மாற்று ஆபரேஷனெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்மா" என்றார் முதலில் பார்த்த டாக்டர். அதை நம்பி ஒன்றரை வருஷத்தைத் தொலைத்தேன். நீங்கள் தொலைக்காதீர்கள். ஊதும் பரிசோதனையில் எஃப்விசி (மூச்சை முழுக்க இழுத்து ஊதினால் வெளியே வரும் காற்றின் அளவு) இருக்க வேண்டியதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று கடக்கும் திறன்) 40 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, "மாற்று சிகிச்சை செய்கிற டீமிடம் அனுப்புங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். போய்க் காட்டினாலே ஆபரேஷனுக்குச் சம்மதித்ததாக ஆகிவிடாது. ரொம்பத் தளர்ந்த பிறகு போனால் உடம்பு தாங்காது என்று அவர்களே மறுத்துவிடலாம். பழைய சிடி ஸ்கேன், ஊதிய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். நோய் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அதில்தான் பார்ப்பார்கள்.

பரிசோதனைகள் நிறைய. எக்கோ, ஆஞ்சியோ, ஆறு நிமிட நடை, கிட்னி, ஈரல், டிபி, பல்கூட. எனக்கு ஒரு சொத்தைக் கடவாய்ப்பல்லைப் பிடுங்கிய பிறகுதான் மேலே பேசினார்கள். ஆபரேஷனுக்குப் பின் ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை என்பதால், சின்னச் சீழ்கூட ஆபத்து. புகையிலை எந்த வடிவத்திலும் கூடாது. வெற்றிலையோடு போடுவதும் சேர்த்தி.

பெயரைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் ஆஸ்பத்திரிதான் பதியும். ரத்த வகையும் நெஞ்சின் அளவும் பொருந்த வேண்டும். நான் 4 அடி 11 அங்குலம். உயரமான ஒருவரின் நுரையீரல் எனக்குள் அடங்காது. அதனால் எனக்குப் பின்னால் பதிந்தவருக்கு முன்னால் கிடைக்கலாம். அதற்காக மனம் உடைய வேண்டாம்.

செலவு பல லட்சம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று முதல் வாரமே கேளுங்கள்; பிறகு வருகிற மாதாந்திர மாத்திரைச் செலவைத் தனியாகக் கேளுங்கள். உலக அளவில் பாதிப் பேர் சுமார் ஆறு வருஷமோ அதற்கு மேலோ வாழ்கிறார்கள். அதையும் வீட்டாரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் உங்கள் வேலை நடப்பது. பார்ப்பவர்கள் எல்லாம் "உக்காருங்க, உக்காருங்க" என்பார்கள். உட்கார்ந்தால் தொடைச் சதை கரைந்துவிடும். ஆபரேஷனுக்குப் பின் எழுந்து நிற்க அந்தச் சதைதான் வேண்டும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கூடத்துக்கும் சமையலறைக்கும் காலையில் இருபது நடை, மாலையில் இருபது நடை நடக்கிறேன். விரலில் ஆக்ஸிமீட்டர் 88-க்குக் கீழே இறங்கினால் நின்றுகொள்வேன். என் டாக்டர் சொன்ன கணக்கு அது, உங்களுடையதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) நின்றுவிடும், சிலிண்டர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஆக்ஸிஜன் ஓடும்போது அடுப்பருகிலோ சாமி விளக்கருகிலோ போகவே கூடாது. போகியன்று விடிவதற்கு முன்பே ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி வைத்துவிடுவோம்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, எனக்குப் பொருந்தும் நுரையீரல் கிடைத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுத்த நுரையீரலை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும் என்பதால் ஓடினோம். விடியற்காலை 4 மணிக்கு, அது நல்ல நிலையில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படி நடக்கும், மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். அன்று எங்கோ ஒரு வீட்டில் ஓர் உயிர் போயிருக்கிறது. அந்தத் துக்கத்திலும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்துத்தான் வழியெல்லாம் அழுதேன்.

திரும்பும்போது பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சின்ன சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இப்போது நிரப்பியதாக இரண்டு, வாசல் கதவுக்குப் பின்னால் பையோடு இருக்கின்றன. கீழ்வீட்டு ஆட்டோ அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறோம், எந்த நேரமானாலும் கதவைத் தட்டுவோம் என்று.