நாட்டார் கலைப்பொருள் சேர்க்க ஆசையா? குசினியில் தொடங்குங்கள்

முதல் பொருளுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய வீடு என்றால் பனையோலையில் இழைத்த ஒரு கடகமோ, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியோ, அம்மம்மா வெற்றிலை வைத்த சின்னக் கொட்டைப்பெட்டியோ எங்காவது மூலையில் கிடக்கும், அதைத் தேடி எடுங்கள். எங்கள் வீட்டுக் கொட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் சுண்ணாம்புக் கறை இன்னும் வெள்ளையாக இருக்கிறது, இடுப்பில் செருகிச் செருகி ஒரு பக்கம் மட்டும் வழுவழுத்துப் போயிருக்கிறது. நான் அதைக் கழுவவில்லை, நீங்களும் கழுவிவிடாதீர்கள். காய்ந்த மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

புதிதாக வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். ஓலை ஒரே அகலத்தில் வார்ந்திருக்கிறதா, நுனிகள் உள்ளே மறைத்துச் செருகப்பட்டிருக்கின்றனவா, விளிம்பு நார் இறுக்கமாக இருக்கிறதா? சாயம் போட்ட இடத்தை ஈரவிரலால் ஒருதரம் தொடுங்கள், நிறம் விரலில் ஏறினால் விட்டுவிடுங்கள். 1978இல் தொடங்கிய இலங்கைப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்திலும் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாக் கடைகளிலும் நல்ல சாமான் கிடைக்கும், ஆனால் பன்னவேலை, அதாவது ஓலை இழைக்கிற வேலை, செய்கிற அம்மாவின் வீட்டுக்கே போய் வாங்குவதுபோல வராது. ஓலை வெட்டுவித்து, காயவைத்து, வார்ந்து, சாயம் காய்ச்சி, பிறகுதான் அவர் இழைக்கவே உட்காருகிறார், தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள். அவர் சம்மதித்தால் பெயர், ஊர், வாங்கிய திகதி மூன்றையும் பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நூலால் கட்டிவிடுங்கள். பசைநாடா ஒட்டினால் ஓலை உரியும்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் வார்லி, மதுபனி, கோண்டு ஓவியங்கள் வாங்கி வருவதுண்டு. மகாராஷ்டிரத்து வார்லியில் செம்மண் தளத்தில் அரிசிமா வெள்ளையால் வரைவார்கள், இரண்டு முக்கோணம் சேர்ந்தால் ஒரு மனித உடம்பு. மதுபனி பீகாரின் மிதிலைப் பெண்கள் சுவரில் வரைந்தது, 1966-67 வறட்சிக்குப் பிறகு வருமானத்துக்காகப் பரவலாகக் கடதாசிக்கு வந்தது. அச்சா கையா என்று பார்க்க வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். கையால் வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து போகும், உருப்பெருக்கியில் ஒரே அளவுப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு.

பழைய பித்தளை விளக்கு, கோயில் வாகனத்துச் சிற்பத் துண்டு என்று யாராவது கொண்டுவந்தால் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். 1995 ஒக்ரோபர் போர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுப் போனது, அப்படிப் போன வீட்டுச் சாமானும் கோயில் சாமானும் இன்னொருவர் சுவரில் தொங்கக் கூடாது. பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள். தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், புலம்பெயர்ந்த உறவுகளுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அப்புறம் மழை. வெளிச்சுவரில் ஒட்ட மாட்டியிருந்த என் தடுக்கு (சின்ன ஓலைப்பாய்) ஒன்று கார்த்திகை மழையில் பின்பக்கம் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துப் போனது, முன்னால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உட்சுவரில், பின்னால் மெல்லிய மரச்சட்டம் வைத்து, காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். நேர்வெயிலும் வேண்டாம், சாயம் வெளிறிவிடும். மழை விட்டதும் எல்லாவற்றையும் இறக்கி, நிழலில் ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கத்தையும் மடிப்புகளையும் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.