மை ஊறாத நோட்டைக் குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி?

மை பேனாவில் எழுதப் பழகியவர்கள் முதலில் பேனாவைக் குறை சொல்வார்கள், பிறகு மையைக் குறை சொல்வார்கள். உண்மையில் எழுத்து மயிர்மயிராகப் பிரிந்து கசிவதற்கும், பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாக மை இறங்குவதற்கும் பெரும்பாலும் தாளே காரணம். ரோடியா, கிளேர்ஃபோன்டேன் போன்ற பிரெஞ்சு நோட்டுகளை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்பது சரிதான். ஆனால் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதும் மாணவருக்கும், கணக்கு எழுதுபவருக்கும், நாட்குறிப்பு வைத்திருப்பவருக்கும் அந்த விலை கட்டுப்படியாகாது. நம் ஊர்க் கடைகளிலேயே நல்ல தாள் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்திருந்தால் போதும்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் ஜி.எஸ்.எம். எண்ணை மட்டும் நம்பி வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. அது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதை மட்டுமே சொல்கிறது. ஜப்பானின் தோமோயே ரிவர் தாள் வெறும் 52 ஜி.எஸ்.எம். எடையில், வெங்காயச் சருகுபோல மெல்லியதாக இருந்தும், அதில் மை ஊறுவதில்லை, 100 ஜி.எஸ்.எம். தடிமனான சில ஓவியத் தாள்களோ மையை உறிஞ்சித் தள்ளுகின்றன. எடை கூடினால் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிவது குறையும், அவ்வளவே. மை பரவாமல் நிற்பதைத் தீர்மானிப்பது, தாள் தயாரிக்கும்போது கூழில் கலக்கும் நீர்விலக்கும் பொருளும், காய்ந்துவரும் தாளின் மேற்பரப்பில் பூசும் மாவுப் பசையும்தான். ஆலைக்காரர்கள் இதைச் சைசிங் என்பார்கள். பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசையுள்ளது என்பதால் அதற்கு இந்தப் பூச்சு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. நீரில் கரைந்த மைக்கு அது இல்லாமல் முடியாது. விலை மலிவான பள்ளி நோட்டுகள் பலவற்றில் இந்தச் செலவைத்தான் குறைத்துவிடுகிறார்கள்.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் பேனாவை, வழக்கமாக நிரப்பும் மையுடனேயே, எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பிரித்து வைத்திருக்கும் ஒரு நோட்டின் கடைசித் தாளில் எழுதிப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரே ஒரு நோட்டை விலை கொடுத்து வாங்கி வீட்டில் சோதியுங்கள். விலை குறைகிறது என்பதற்காக டஜன் கணக்கில் முதலிலேயே வாங்க வேண்டாம். வழக்கமான வேகத்தில் ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே ஒரு கோட்டின் மேல் மற்றொரு கோடு வெட்டிச் செல்வதுபோல் நெருக்கமாகக் கட்டம் போடுங்கள். பிறகு நிப்பைத் தாளில் வைத்து இரண்டு மூன்று நொடி அசையாமல் பிடித்திருங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுத்தின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள்: ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் தாள் நல்லது, நார்நாராகக் கால் முளைத்திருந்தால் வேண்டாம். நிப்பு நின்ற புள்ளி பின்பக்கத்துக்கு இறங்காமல் இருந்தால் இரு பக்கமும் எழுதலாம். இயந்திரத்தில் ஒரு தாளின் இரு முகங்களும் ஒரே மாதிரி உருவாவதில்லை, கம்பிவலையில் படிந்த முகம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கக்கூடும். எனவே தாளைத் திருப்பி மறுபக்கத்திலும் இதே சோதனையைச் செய்வது அவசியம்.

அட்டையில் ஜி.எஸ்.எம். குறிப்பிடப்படாத நோட்டானால் சமையலறைத் தராசு உதவும். ஏ4 அளவுத் தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால், 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம் இருக்கும். ஏ5 அளவில் 200 பக்கம், அதாவது 100 தாள் கொண்ட நோட்டில், அட்டை நீங்கலாக 220 கிராம் அளவில் எடை இருந்தால் அது ஏறத்தாழ 70 ஜி.எஸ்.எம். தாள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது, நோட்டை நாமே கட்டிக்கொள்வதுதான். ஜெராக்ஸ் கடைகளில் பயன்படுத்தும் ஏ4 தாள்களில், இங்க்ஜெட் அச்சுக்கும் ஏற்றது என்று உறையில் குறிப்பிட்டிருப்பவை மை பேனாவுக்கும் பெரும்பாலும் ஒத்துவருகின்றன, ஏனென்றால் இங்க்ஜெட் மையும் நீரில் கரைந்ததே. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தாள் தயாரிக்கிறது. சக்கையின் குட்டையான நார்கள் நெருங்கிப் படிவதால் தாளின் மேற்பரப்பு வழவழப்பாக அமைகிறது. அமெரிக்காவின் ஸ்டேப்பிள்ஸ் கடைகளில் மலிவாக விற்ற கரும்புச் சக்கைத் தாள் நோட்டுகள் மை பேனா விரும்பிகளிடையே பெயர் பெற்றிருந்தன. நம் பக்கத்து ஊரில் அதே மூலப்பொருளில் உருவாகும் தாளை நாம் முதலில் சோதித்துப் பார்ப்பதே முறை. இன்னும் சற்றுச் செலவழிக்க முடிந்தால், கடிதம் எழுதுவதற்கான பாண்டு தாள்கள் உண்டு: ஜே.கே. எக்ஸல் பாண்டு, ராயல் எக்ஸிகியூட்டிவ் பாண்டு போன்ற பெயர்களில் கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனையில் தாள் மொத்த வியாபாரம் நடக்கும் ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போய்வரலாம். மற்ற ஊர்களில் அச்சகத்துக்குத் தாள் கொடுக்கும் கடையை விசாரியுங்கள். ஒரு ரீமில் 500 தாள். அதை நடுவில் வெட்டினால் ஏ5 அளவில் 1,000 தாள் கிடைக்கும், நூறு தாள் வீதம் ஸ்பைரல் போட்டால் பத்து நோட்டு. வெட்டுவதற்குக் கையால் இழுக்கும் கத்தியைவிட அச்சகத்தின் வெட்டு இயந்திரமே நல்லது, ஓரம் பிசிறின்றி வரும். ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும்: ஜெராக்ஸ் தாளில் நார்கள் வழக்கமாக நீளவாக்கில் ஓடுகின்றன, பாதியாக வெட்டும்போது அவை குறுக்குவாக்காகிவிடுவதால், தையலோ பசையோ போட்டுக் கட்டினால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு சரியாக விரியாது. ஸ்பைரலில் அந்தச் சிக்கல் இல்லை.

ஒரே நிறுவனத்தின் ஒரே நோட்டு அடுத்த ஆண்டு வேறு தாளில் வரலாம். நிறுவனங்கள் தாளை எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குகின்றன. எனவே சோதித்த நோட்டு பிடித்திருந்தால், அட்டையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தொகுதியிலேயே ஆண்டுக்குத் தேவையானதை வாங்கிவிடுங்கள். வாங்கியதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சுவரை ஒட்டாமல் அலமாரியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்த தாளில், கோடையில் ஊறாத மையும் ஊறும். எழுதும்போது கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் வியர்வையும் எண்ணெயும் பட்டுப் பக்கத்தின் அடிப்பகுதி கெடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்ட மட்டமான நோட்டுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மெல்லிய நிப்பு, அதுவும் ஜப்பானியப் பேனாக்களின் ஃபைன் நிப்பு, குறைவாகவே மை விடுகிறது. பெலிக்கன் 4001 வரிசை மைகள் வறண்ட தன்மையுள்ளவை, அதாவது நிப்பிலிருந்து தாராளமாக வழியாமல் அளவாக இறங்குபவை; அதிலும் இரும்புச் சத்து கலந்த நீலக்கருப்பு மை மோசமான தாளிலும் ஓரளவு கட்டுப்பட்டு நிற்கும். ஆனால் அந்த மையைப் பேனாவில் காயவிடக் கூடாது. நிரப்பிய மை தீர்ந்ததும் பேனாவை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அடுத்த முறை நிரப்ப வேண்டும்.