ஆண்டனியின் உரையைப் படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், புரூட்டஸும் அவர் கூட்டாளிகளும் சீசரைக் கொன்ற பிறகு, சீசரின் நண்பர் ஆண்டனி ரோம் மக்களிடம் பேசுகிறார். "நண்பர்களே, ரோமானியர்களே, நாட்டு மக்களே" என்று தொடங்கும் அந்த உரையைப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். என் இதயம் சீசரோடு சவப்பெட்டியில் கிடக்கிறது, அது திரும்பி வரட்டும் என்று ஆண்டனி தொண்டை அடைத்து நிற்கும் இடம். அதுவரை சுமார் 35 வரிதான். உரையின் பெரும்பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

அவர் அழுதுகொண்டு நிற்கும்போது கூட்டம் தனக்குள் பேசத் தொடங்குகிறது. இவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே, கிரீடத்தைச் சீசர் வேண்டாம் என்றாராமே, பாவம், இவர் கண்ணெல்லாம் சிவந்துவிட்டதே என்கிறார்கள். ஆண்டனி காத்திருந்தது இதற்குத்தான். குடிமக்கள் பேசும் இந்த வரிகளை வெட்டிவிட்டுப் படித்தால் பாதி உரை போய்விடும்.

அடுத்த தவறு, "புரூட்டஸ் கண்ணியமானவர்" என்பதை முதல் தடவையே நக்கலாகப் படிப்பது. வஞ்சப்புகழ்ச்சி என்று பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், சரி. ஆனால் ஆண்டனி வாய் திறப்பதற்கு முன் கூட்டம் என்ன சொல்கிறது? சீசர் கொடுங்கோலன், இங்கே புரூட்டஸைப் பற்றித் தப்பாகப் பேசாமல் இருப்பது இவருக்கு நல்லது. அந்த மனநிலையில் இருப்பவர்களிடம் கிண்டல் செய்தால் மேடையிலிருந்து இழுத்துப் போட்டுவிடுவார்கள். முதல் தடவை அது மரியாதையாகவே ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சீசரின் ஒரு நற்செயலைச் சொல்லி, பக்கத்தில் அதே வாக்கியத்தை வைக்கிறார். சொல் மாறவில்லை, அதைக் கேட்கும் காதுதான் மாறுகிறது. (தமிழில் இதை 'மாண்புமிகு' என்று மொழிபெயர்த்தால் நம்மவர்கள் முதல் தடவையே சிரித்துவிடுவார்கள். 'கண்ணியமானவர்' பரவாயில்லை.)

கடைசியில் "துரோகிகள்" என்ற சொல்லை முதலில் சொல்வது ஆண்டனி இல்லை, கூட்டத்தில் ஒருவன். அதற்குப் பிறகுதான் ஆண்டனி அந்தச் சொல்லைத் தொடுகிறார். சதிகாரர்களைக் குறை சொல்லக் கூடாது என்று புரூட்டஸ் போட்ட நிபந்தனையை அதுவரை மீறாமல் காப்பாற்றியாகிவிட்டது.

புரூட்டஸுக்குப் பேசத் தெரியவில்லை என்று எழுதுவதும் தவறு. ஆண்டனி செய்யுளில் பேசினால் இவர் உரைநடையில், தராசுத் தட்டு போல வாக்கியங்களை எடைபோட்டுப் பேசுகிறார். கூட்டம் கைதட்டுகிறது. "இவரையே சீசர் ஆக்குவோம்" என்றுகூடக் கத்துகிறது. ஒருவன் சீசர் ஆகிவிடக் கூடாதே என்றுதான் கொலையே நடந்தது! தன் பேச்சு யாருக்கும் புரியவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவரோ ஆண்டனியின் பேச்சைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று எல்லோரையும் கெஞ்சி நிறுத்திவிட்டு, தான் மட்டும் கிளம்பிப் போகிறார்.

சீசருக்குப் பதவி ஆசை இல்லை என்று ஆண்டனி நிரூபித்தார் என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. எங்கே நிரூபித்தார்? ஏழைகளுக்காக அழுதவருக்குப் பதவி ஆசை இருக்கக் கூடாதா? மூன்று முறை கிரீடத்தை மறுத்த கதையை முதல் அங்கத்தில், பின்னால் சதியில் சேரும் காஸ்காவும் சொல்கிறான்: தள்ளிவிட்டாலும் விரலை எடுக்க மனம் வரவில்லை என்று.

சீசரின் மேலங்கியை ஆண்டனி தூக்கிக் காட்டும் காட்சி இன்னும் துணிச்சலானது. இது காசியஸின் கத்தி, இது காஸ்கா குத்தியது, இதோ புரூட்டஸ் என்று கிழிசல்களைக் காட்டுகிறார். குத்தியபோது ஆண்டனி அங்கேயே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் அவரை முன்பே வெளியே அழைத்துப் போயிருந்தான். நெர்வி இனத்தாரை வென்ற நாளில் சீசர் இதை முதன்முதலாக அணிந்தார் என்கிறாரே, அந்தப் போர் நடந்தது கி.மு. 57இல். வரலாற்று ஆண்டனி அப்போது சீசரின் படையிலேயே சேரவில்லை.

அப்புறம், கி.மு. 44இல் ரோமில் இப்படியே பேசினார் என்று நம்பிவிடாதீர்கள். இந்த வரிகள் 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதியவை. ஆண்டனி அன்று மிகச் சில சொற்களே பேசினார் என்பது ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸின் குறிப்பு.

சீசர் மக்களுக்குப் பணம் எழுதிவைத்த உயிலை ஆண்டனி வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் கடைசித் தவறு. ஆளுக்கு 75 திராக்மா (வெள்ளிக் காசு) என்று அவர் வாசிப்பதற்கு முன்பே கூட்டம் கொளுத்தக் கிளம்பிவிடுகிறது. உயிலை மறந்துவிட்டீர்களே என்று அவரே திருப்பி அழைக்க வேண்டியிருக்கிறது. நான்காம் அங்கத்தின் முதல் காட்சியையும் புரட்டிப் பாருங்கள். அதே ஆண்டனி தன் ஆட்சிக் கூட்டாளி லெபிடஸைச் சீசர் வீட்டுக்கு அனுப்பி, அந்த உயிலை எடுத்து வரச் சொல்கிறார். மக்களுக்குத் தர வேண்டியதில் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதற்காக.