மொரிஸ் மைனர் வாங்க முன் அடியில் படுத்துப் பாருங்கள்

இலங்கையில் இன்றும் ஓடுகிற மொரிஸ் மைனரில் எஞ்சின் பழுதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பாகமும் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவரும் இருப்பார். பயப்பட வேண்டியது கறளுக்கு. இந்தக் காருக்குத் தனிச் செசி (அடிச்சட்டம்) இல்லை. பாரம் முழுவதையும் காரின் தகட்டுப் பொடிதான் தாங்குகிறது.

பகலில் போங்கள். ரோச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஸ்குரூட்ரைவர், கீழே விரிக்கப் பழைய சாரம் ஒன்று போதும்.

1. அடிப்பக்கம்
முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்கே ஓடும் இரும்புப் பெட்டியை முதலில் தேடுங்கள். முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை அதில்தான் பூட்டியிருக்கும். ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்றால் உள்ளே தகடு அரித்துவிட்டது. பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் கதவுக்குக் கீழ் விளிம்பையும் இப்படியே பாருங்கள். காந்தம் ஒட்டாத இடம், ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டி. அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு மினுங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சுரண்டிப் பாருங்கள்.

2. முன் சில்லு
உயிரோடு விளையாடுகிற இடம் இதுதான். சில்லு திரும்பும் தூணின் மேலும் கீழும் மரை போட்ட மூட்டுகள் உண்டு. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே கீழ் மூட்டு கழன்று சில்லு மடங்கும். ஜாக்கியில் தூக்கி, ரயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் மூட்டு. கிறீஸ் நிப்பிள்கள் காய்ந்து மண் அப்பியிருந்தால் பராமரிப்பு எப்படியென்று கேட்கவே வேண்டாம்.

3. பிரேக்
பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால், பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதைக் கழற்ற முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும் என்பதால் கூலி கூடும், விலையில் குறையுங்கள்.

4. எஞ்சின், கியர்
பொனற் சூடாக இருந்தால் பிறகு வாருங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஓடும்போது முதல் கியருக்குப் போட்டால் கரகரக்கும், அதன் அமைப்பே அப்படி. இரண்டாவதும் கரகரத்தால் தேய்மானம்.

5. பதிவுப் புத்தகம்
எஞ்சின் இலக்கத்தை நேரில் படித்து ஒப்பிடுங்கள். 948 சிசி எஞ்சினின் இலக்கம் பெரும்பாலும் 9எம் (9M) என்றும், 1962இல் வந்த 1098 சிசி எஞ்சினுடையது பெரும்பாலும் 10எம்ஏ (10MA) என்றும் தொடங்கும். புத்தகத்தில் 948, காரில் 10எம்ஏ என்றால் எஞ்சின் மாறியிருக்கிறது. மாற்றத்தை விற்பவரே பதிந்து தரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.